ஆடிப்பட்டம் செல்லாத நிலம்: போர்ட் பிளேயர் வீட்டுத் தோட்டங்களின் வரலாறு

2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டி அமைந்திருக்கும் லம்பா லைன் போன்ற குடியிருப்புகளில் தென்னை, பாக்கு, வாழை, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவற்றைக் காண்போர், அவை தொன்றுதொட்டு அங்கே வளர்ந்தவை என்றே எண்ணக்கூடும். உண்மையில், நிக்கோபார் தீவுகளில் தென்னை செழித்திருந்த காலத்திலும் பெரிய அந்தமானில் அது இயற்கையாகப் பரவியிருக்கவில்லை. வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழ்ந்த அந்தமான் பழங்குடியினர்க்குப் பயிரிடும் தேவையும் எழவில்லை.

1858 மார்ச் மாதத்தில் மருத்துவர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவிய பின்னரே, காடு திருத்தப்பட்ட இடங்களில் தோட்டப்பயிர் வேரூன்றியது. ஏறத்தாழ பத்தாண்டுகள் தண்டனை கழித்த கைதிக்கு நன்னடத்தையின் பேரில் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் தம் உழைப்பில் தாமே வாழும் ‘செல்ஃப் சப்போர்ட்டர்’ ஆகி, நிலம் உழவும், மாடு வளர்க்கவும், மணம் செய்துகொள்ளவும் உரிமை பெற்றார். அவர் வீட்டைச் சுற்றி நட்ட காய்கறியும் மரமும், சிறைவாழ்க்கைக்குப் பின் அவருக்கு வாய்த்த முதல் உடைமைகளுள் அடங்கும் என்பதால், அந்தமான் வீட்டுத் தோட்டத்தின் தொடக்கத்தை அலங்காரக் கலையில் தேடுவது பொருந்தாது.

கப்பல் வரத்து நின்றால் தீவுக்கு என்ன நேரும் என்பதை ஜப்பானிய ஆக்கிரமிப்பு (1942–45) கொடூரமாக உணர்த்தியது. விமானத் தளப் பணியில் மக்கள் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர்; நேசநாட்டுக் கடற்படைகள் வழிமறித்ததால் அரிசி அருகியபோது, சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பசியாற்றும் உணவாயின. போரின் இறுதியில், 1945 ஆகஸ்டில், புதிய இடத்தில் உணவுப்பயிர் விளைவிக்கலாம் என்று கூறிக் கப்பலேற்றப்பட்ட பல நூறு பேர் ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். பயிரிடுதல் என்னும் சொல்லே கொலைக்குத் திரையாக்கப்பட்ட இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் தீவின் வேளாண் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. இன்றும் மழைக்காலத்தில் நாற்றுகளைத் தின்றழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையும் அக்காலத்தில் கொண்டுவரப்பட்டதாகவே பரவலாகக் கருதப்படுகிறது.

விடுதலைக்குப் பின் வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள் ஆகியோருடன் தமிழரும் பெருமளவில் குடியேறினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்துள்ளனர். தமிழகத்தில் ஆடிப்பட்டத்தில், அதாவது ஆடி மாத விதைப்புப் பருவத்தில், விதைத்துப் பழகியவர்களுக்கு இத்தீவின் பருவம் முற்றிலும் வேறானது. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளாலும் பொழிவதால், ஆடியில் இட்ட விதை அழுகவோ சரிவில் மண்ணோடு அடித்துச் செல்லப்படவோ கூடும். ஆகவே பாகல், புடல், பீர்க்கு போன்ற கொடிகள் மழைக்காலத்தில் பந்தலேறுகின்றன. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை மழை ஓயும் கார்த்திகை, மார்கழியில் மேட்டுப்பாத்திகளில் நடப்படுகின்றன. அமிலத்தன்மை மிக்க மண்ணும் ஈரமும் சேர்ந்த இடங்களில் கத்தரியும் தக்காளியும், ஒருவகைப் பாக்டீரியாவால் செடி திடீரெனத் துவளும் வாடல் நோய்க்கு எளிதில் இரையாகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலோ நிலைமை தலைகீழாகிறது: தனிக்காரி அணையின் நீர்மட்டம் குறைந்து, குடிநீரே முறைவைத்து வழங்கப்படும் அக்காலத்தில் தோட்டத்துக்கு மிஞ்சுவது சமையலறைக் கழிவுநீரும் தொட்டியில் சேமித்த மழைநீருமே.

கொத்தமல்லி பெருமழையைத் தாங்காததால், அதன் மணத்தை ஒத்ததும் நிழலில் தானே பரவுவதுமான ‘பர்மா தனியா’ பல மொழியினரின் அடுக்களையிலும் இடம்பெற்றுள்ளது. அந்தமானில் குடியேறியோரின் வேளாண் அறிவுக்கு இச்சிறு இலையே நல்ல சான்றாகும்.

2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமட்டம் தாழ்ந்து, சிப்பிகாட் முதலிய தாழ்வான விளைநிலங்களில் கடல்நீர் நிலையாகத் தங்கியது. மேட்டு நிலத்து வீட்டுத் தோட்டங்களின் மதிப்பு இதனால் உயர்ந்தபோதிலும், நகரம் நெருங்க நெருங்க முற்றங்கள் சிமென்ட் தளங்களாகி வருகின்றன. 1978-இல் தொடங்கப்பட்டுக் காராச்சர்மாவில் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆய்வு நிறுவனம் தீவின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிர்முறைகளை ஆராய்ந்து வருகிறது. அந்த அறிவு பயன்தர வேண்டுமாயின், வீட்டு மனைகளுக்கு அனுமதி வழங்குவோர் மழைநீர்த் தொட்டிக்கும் சிறிதளவு திறந்த மண்ணுக்கும் இடம்விடுமாறு வலியுறுத்த வேண்டும்.