வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

போன மாதம் நியூஜெர்சியில் வீடு பார்க்கும் தங்கை போன் செய்தாள். இங்கே புனேயில் வீட்டுக்கடன் பார்ப்பவனாச்சே, "வில்லங்கம் பார்த்தியா?" என்றேன். "ரேடானும் பார்க்கணும்ணா" என்றாள்.

தேடிப் படித்தேன். 1984 டிசம்பர், பென்சில்வேனியா. லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் இருந்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் வந்தாலே கதிர்வீச்சு அலாரம் அலறியது. காரணம் நிலையமல்ல, அவர் வீடு! நிலத்தடி யுரேனியத்திலிருந்து பிறந்து கசிந்த ரேடான் வாயு, லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி. பின்னாளில் அரசு வைத்த எச்சரிக்கை அளவோ 4தான். குடும்பம் வெளியேறியது; வீட்டடிக் காற்றைக் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றிய பிறகே திரும்பியது.

நிறமில்லை, மணமில்லை. அங்கே நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். உங்கள் பிள்ளைகள் அங்கிருந்தால் கேளுங்கள்: பேஸ்மென்டில் யார் படுக்கிறார்கள்? டெஸ்ட் எடுத்தாச்சா?