ஷூ கழன்றதே தெரியாத நாள்

சர்க்கரை நோயாளிகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு வரி உண்டு. "டாக்டர், செருப்பு கால்ல இருந்து கழன்று போனதே தெரியல. பத்தடி நடந்த பிறகுதான் பார்த்தேன்." இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வெச்சிட்டு காலைத் தொட்டுப் பார்ப்பேன். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும்.

கிட்டத்தட்ட இதே விஷயத்தை ஒரு சைக்கிள் பந்தயக் கதையில் படிச்சேன். 1910 ஏப்ரல் 3, வடக்கு இத்தாலி. மலைப்பாதை ஓரத்துல ஒரு சின்ன சத்திரம். எர்னஸ்ட் பால் என்ற வீரர் உள்ளே வர்றார். ஒரு கால்ல ஷூ இல்லை. அது கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியலை. இவருக்கு சர்க்கரை காரணமில்லை. குளிர்.

பந்தயத்தின் பெயர் மிலான்–சான் ரெமோ. லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகை 1907-ல் ஆரம்பிச்சது, இன்னைக்கும் நடக்குது. மிலான் சமவெளியில் கிளம்பி, துர்கீனோ கணவாயைத் தாண்டி, வோல்த்ரி என்ற ஊரில் கடலைத் தொடணும். அங்கிருந்து சவோனா வழியா கடலை இடது பக்கம் வெச்சுக்கிட்டே மேற்கே போனால் சான் ரெமோ. சுமார் 290 கி.மீ. ஒரே நாளில்! அந்தக் கடற்கரை குளிர்காலத்துலயும் இதமா இருக்கும். ஐரோப்பாவின் பணக்காரங்க வெயில் காய வந்த ஊர் சான் ரெமோ. கணவாயோட உயரமும் 532 மீட்டர்தான். அதனால யாரும் பயப்படலை.

அந்த வருஷம் கணவாயில் பனி கொட்டிச்சு. 60 பேருக்கு மேல கிளம்பினாங்க. கம்பளிச் சட்டை, அரைக்கால் சட்டை, கியர் மாத்த வசதியில்லாத கனமான சைக்கிள். பாதை முழுக்க சேறு.

இங்க கொஞ்சம் மருத்துவம் பேசிடறேன், அப்பதான் கதை புரியும். நம்ம உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கணும். 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. வறண்ட குளிரை விட நனைஞ்ச குளிர் பல மடங்கு மோசம், ஏன்னா தண்ணீர் காற்றை விட வேகமா உடம்புச் சூட்டை இழுத்துடும். மேடு ஏறும்போது தசை வேலை செய்யுது, சூடு உற்பத்தியாகுது. ஆபத்து இறக்கத்தில்தான். மிதிக்க வேண்டாம், அதனால சூடு வராது. உடம்பெல்லாம் வேர்வையும் பனித்தண்ணியும், எதிர்க்காத்து வேற. மூளையையும் இதயத்தையும் காப்பாத்த உடம்பு கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிடும். விரல் மரத்துப் போகும். அப்புறம் ஷூ விழுந்தா எப்படித் தெரியும்?

எழேன் கிறிஸ்தோஃப், பிரெஞ்சுக்காரர், வயசு 25. கணவாய் உச்சியைத் தாண்டினதும் அந்தப் பக்கம் இன்னும் அதிகப் பனி. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டு நடக்கிறார். வயித்துல கடும் பிடிப்பு. ஒரு கை சைக்கிள்ல, ஒரு கை வயித்துல. கடைசியில் சாலை ஓரப் பாறையில் சாய்ஞ்சுட்டார். கொஞ்ச தூரத்துல வீடு தெரியுது, போக முடியலை. அந்த வழியா வந்த ஒருத்தர் கைத்தாங்கலா சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காட்டி, இந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

சத்திரக்காரர் செஞ்சது இன்னைக்கு எங்க பாடப்புத்தகத்துல இருக்கிற முதலுதவிதான். ஈரத் துணியை முழுசாக் கழட்டி, கம்பளியில சுத்தினார். கிறிஸ்தோஃப் ரம் பாட்டிலைக் கை காட்டிக் கேட்டாராம். (குளிருக்கு சாராயம் நல்லதுனு நம்ம ஊர்லயும் ஒரு நம்பிக்கை இருக்கு. தப்பு. அது தோல் ரத்தக்குழாய்களை விரிச்சு, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுடும். சூடா இருக்கிற மாதிரி தோணும், அவ்வளவுதான்.) எர்னஸ்ட் பால் உள்ளே வந்தது அப்போதான். கூட வந்தவர் பெல்ஜிய வீரர் வான் ஹவார்ட். ரெண்டு பேரும் கையை நேரா நெருப்புக்குள்ளயே நீட்டினாங்களாம். உணர்ச்சியில்லாத கையை நெருப்புக்கிட்ட கொண்டுபோறதும் ஆபத்து, வெந்தாலும் தெரியாது.

சுமார் 25 நிமிஷம் உள்ளே இருந்தார் கிறிஸ்தோஃப். ஜன்னல் வழியா மத்த வீரர்கள் கடந்து போறது தெரிஞ்சது. சத்திரக்காரர் விடமாட்டேன்னுட்டார். ரயில் ஏறிப் போயிடறேன்னு அவரை நம்ப வெச்சுட்டு, ஒரு முழுக்கால் சட்டையை மாட்டிக்கிட்டு சைக்கிளில் கிளம்பிட்டார். டாக்டரா எனக்கு இதில் கோபம்தான் வருது. நான் அங்க இருந்திருந்தா சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டிருப்பேன்.

கீழே இறங்கினதும் கடற்கரை. அங்கிருந்து முன்னால போனவங்களை ஒவ்வொருத்தரா முந்தினார். சான் ரெமோவில் முதல் ஆள் அவர்தான். 12 மணி 24 நிமிஷம். அடுத்ததா கணக்கில் எடுக்கப்பட்ட ஜொவான்னி கொக்கி வந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல கழிச்சு. அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் மொத்தமே 4 பேர்.

ஜெயிச்சவருக்குக் கிடைச்சது ஒரு மாசம் ஆஸ்பத்திரி. கைகளில் உறைபனிப் புண். பழைய உடல்நிலைக்குத் திரும்ப 2 வருஷம் ஆச்சு. ஆனாலும் ஓட்டறதை விடலை. 1919-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மஞ்சள் சட்டை அறிமுகமானப்போ, அதை முதல்ல போட்டவர் இவர்தான்.

இன்னொருத்தரையும் சொல்லணும். 1909-ல் முதல் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தை ஜெயிச்ச லூயிஜி கன்னா. அன்னைக்கு சான் ரெமோவுக்கு ரெண்டாவதா வந்தவர் அவர். வழியில் கார்ல ஏறினார்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க.

2013 மார்ச் 17. அதே பந்தயம், அதே கணவாய், மறுபடியும் பனி. ஹெல்மெட்டில் பனிக்கட்டி ஒட்டிக்கிட்டிருந்தது. அமைப்பாளர்கள் பந்தயத்தை ஓவாடா என்ற ஊரில் நிறுத்தினாங்க. எல்லா வீரர்களையும் பஸ்ஸில் ஏத்தி, கணவாயைத் தாண்டி, கடற்கரையில் கொகொலேத்தோ என்ற ஊரில் இறக்கிவிட்டாங்க. அங்கிருந்து பந்தயம் தொடர்ந்தது. இந்தத் தடவை யாருக்கும் தகுதி நீக்கம் இல்லை.