ஆசிரியர் பணிச்சோர்வு

ஆசிரியர் பணிச்சோர்வு என்பது கற்பித்தல் பணியில் தணியாது நீடிக்கும் மன அழுத்தத்தால் ஆசிரியருக்கு உண்டாகும் தளர்ச்சி ஆகும். பணிச்சோர்வு என்னும் கருத்தை 1974 இல் உளவியலாளர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் விளக்கினார். உலக சுகாதார அமைப்பு இதனை நோயாக அன்றி, தொழில்சார் நிகழ்வாகவே வகைப்படுத்துகிறது.

அறிகுறிகள்

உணர்வு வறட்சி, மாணவரிடமிருந்து விலகல், தன் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் இதன் கூறுகளாக உளவியலாளர் கிறிசுட்டினா மாசுலாக் குறிப்பிடுகிறார். சாதாரணக் களைப்பு விடுமுறையில் தீரும். இது எளிதில் தீராது. முன்பு பொறுமையாக விடையளித்தவர் சிறு கேள்விக்கும் சினப்பது கவனிக்கத்தக்க மாற்றமாகும்.

வகுப்பறையில் நெருக்கடி

பேரிடருக்குப் பின் இச்சுமை பெருகும். திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையால் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் மண்சரிவு ஏற்பட்டு, 5 சிறுவர் உட்பட 7 பேர் இறந்தனர். இத்தகைய இழப்பைக் கண்ட குழந்தைகள் எல்லோரும் அழுவதில்லை. சிலர் பேச்சைக் குறைப்பர். சிலருக்குக் காரணமற்ற வயிற்றுவலி வரும். மழைச் சத்தமே சிலரை அச்சுறுத்தும். நடந்ததை எளிய சொற்களில் உண்மையாகக் கூறுவதும், வழக்கமான பாடவேளைக்கு மெல்லத் திரும்புவதும் உதவும். பேசுமாறு வற்புறுத்தலாகாது. ஆசிரியரும் அதே ஊரில் அதே துயரைச் சுமப்பவர் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

தணிக்கும் வழிகள்

மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, பணிச்சுமை குறையவேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 இன் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியன விதிவிலக்குகள். இவையும் சிறு சுமைகள் அல்ல. உளநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண் 2022 முதல் செயல்படுகிறது.