லால்பாக் தந்த நிழல்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியவர்க்கு, ஒரு நகரம் தம் ஊராகத் தோன்றுவது பெரும்பாலும் அதன் மரநிழலில் அமரும்போதுதான். பெங்களூர்வாழ் தமிழர் பலர்க்கு அந்நிழலைத் தருவது லால்பாக் தோட்டம். ஏறக்குறைய 240 ஏக்கர் பரந்த அத்தோட்டத்துள் விடியற்காலையில் புகுந்து, முதிர்ந்த மரங்கள் செறிந்த இடத்தில் அமர்ந்தால், வீதியின் இரைச்சல் மெல்ல அடங்கிவிடும். இந்த அமைதி இயற்கை தானாகவே அளித்ததென்று எண்ணத் தோன்றும். வரலாறோ வேறு சொல்கிறது.

1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி இத்தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். தில்லி, லாகூர், மூல்தான் ஆகிய இடங்களிலிருந்தும், நம் ஆற்காட்டிலிருந்தும் செடிகள் வந்தன. அவர் மைந்தர் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்தும் விதைகளை வருவித்தார். 1799-இல் திப்பு போரில் மடிந்தார். மறு ஆண்டு, கம்பெனியாரின் ஆணைப்படி மைசூர் நாட்டை ஆராய வந்த டாக்டர் பிரான்சிஸ் புக்கானன், தந்தையும் மகனும் வளர்த்த பெங்களூர்த் தோட்டங்களைக் கண்டு குறித்துவைத்தார். சதுரம் சதுரமாகப் பகுத்த நிலம். இடையே சைப்ரஸ் மரங்கள் அணிவகுத்த நடைபாதைகள். ஒரு சதுரம் முழுதும் ரோஜா, மற்றொன்று முழுதும் மாதுளை.

அழகை மட்டும் அவர் எழுதவில்லை. அவ்வறண்ட நிலத்தில், கோடையில் ஒவ்வொரு செடிக்கும் நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. கிணற்றில் தோற்பை இறங்கும். கப்பியின்மேல் ஓடும் கயிற்றை, சரிவில் இறங்கும் இரண்டு எருதுகள் இழுக்கும். நம் சிற்றூர்களில் கவலை என்றும் கமலை என்றும் வழங்கிய இறைவை இதுவே. ஏற்றத்தைவிட இது மேலானது என்று வேலையாட்கள் அவரிடம் கூறினராம். அவ்வேலையாட்களின் கருத்து நூலில் ஏறியது, பெயர்கள் ஏறவில்லை. பெங்களூரில் வழிவழியாகத் தோட்டத்தொழில் செய்துவந்த திகளர் என்னும் வகுப்பினரின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது மரபு.

பின்னர் ஆட்சிகள் மாறின. 1856-இல் இஃது அரசினர் தாவரவியல் தோட்டமாயிற்று. 1881-இல் நாடு மைசூர் மன்னர் கைக்கு மீண்டது. 1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1947-இல் விடுதலையும் வந்தது. கோட்டையைப் பிடித்தவர் தோட்டத்தைத் தரிசாக விட்டிருந்தால், ஒருசில கோடைகளே அதை அழிக்கப் போதுமாயிருந்திருக்கும். கொடி மாறினும் நீர் வார்க்கும் கை ஓயாமையாலேயே நமக்கு இன்று நிழல் கிடைத்திருக்கிறது.

ஆற்காட்டுச் செடியும் மூல்தான் செடியும் ஒரே மண்ணில் வேரூன்றிய இடம் அது. ஊர்விட்டு வந்த நமக்கு அதனினும் நல்ல பாடம் வேறில்லை. நீங்கள் தில்லியில் இருப்பினும், மும்பையில் இருப்பினும், அருகிலுள்ள சோலைக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மரங்களை நட்டவர் யார் என்று அங்குள்ள தோட்டக்காரரை வினவுங்கள். கூடவே, அவர் பெயரையும் கேட்டறியுங்கள்.