கதாசிரியனுக்குக் கலாசாலை எதற்கு?

கதை எழுதுவதற்குப் பட்டம் அவசியமா என்று என்னிடம் கேட்காத இளைஞர்கள் பொழிச்சலூரில் குறைவு. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் இருந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, 'வேண்டவே வேண்டாம், அப்பா!' என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடுதான் கேட்கிறார்கள். பதிலுக்கு நான் ஒரு கலாசாலையின் கதையைச் சொல்வது வழக்கம்.

தாம்பரத்தில் மரங்களின் நிழலில் இருக்கிறதே கிறிஸ்துவக் கல்லூரி, அது 1937 வரையில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. வேதநாயகம் பிள்ளை 1879-ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார் அல்லவா? அவருக்குப் பின் வந்த நல்ல நாவலாசிரியர்கள் இருவர் இந்தக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர்கள். ஒருவர் வத்தலக்குண்டு ராஜமையர். இன்னொருவர் பெருங்குளம் அ. மாதவையா.

கல்லூரி அவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆங்கில இலக்கியத்தைப் படிக்க வைத்தது. நம் வீட்டுச் சமையலறைப் பேச்சும் திண்ணைச் சண்டையும் வசனத்தில் ஒரு பெரிய புத்தகமாகலாம் என்ற தைரியம் அந்தப் படிப்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் ராஜமையர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் மறக்க முடியாத மனிதர் யார்? ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதர்! செய்யுள் வித்தைகளிலேயே மூழ்கிக் கிடக்கும் அப்பாவி. அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே நேசிக்கவும் செய்கிறோம். வகுப்பில் எல்லாப் பையன்களும் பாடத்தைக் கவனித்தால், கதை எழுதப் பிறந்தவன் பாடம் சொல்லுகிறவரைக் கவனிக்கிறான் போலும். அதற்கும் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது, பாருங்கள்! ராஜமையர் 1898-ல் இருபத்தாறு வயதில் காலமானார்.

அதே 1898-ல் இந்தக் கல்லூரிக்கு நிஜமாகவே ஒரு தமிழ்ப் பண்டிதர் வந்து சேர்ந்தார். தகப்பனார் இறந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நாகப்பட்டினத்தில் புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். பின்னாளில் மறைமலை அடிகள் என்று பெயர் பூண்டவர் அவர்தான். பல்கலைக்கழகம் தமிழை விருப்பப் பாடமாக்கியபோது, 1911-ல் வேலையை விட்டார். பொழிச்சலூரிலிருந்து பம்மலைத் தாண்டினால் வரும் பல்லாவரத்தில் குடியேறினார். அவரும் நாவல் எழுதினார். ஆனால் 'குமுதவல்லி'க்கு மூலம் ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல். கடல் போன்ற தமிழ் கைவசமிருந்தும், கதைக்கு வேண்டிய மனிதர்களை அயலாரிடம் கடன் வாங்க நேர்ந்தது. கதை எழுத இலக்கணம் மட்டும் போதாது என்று நான் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம் நினைவுக்கு வரும்.

இந்த இடத்தில் இளைஞர்கள் ஜெயகாந்தனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 2002-க்கான ஞானபீடப் பரிசு பெற்றவர். வாஸ்தவம். ஆனால் அவர் பள்ளிக்கூடத்தைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் புரூஃப் திருத்தி, பெரியவர்களின் தர்க்கங்களுக்கு நடுவே படித்தவர். அந்த வசதி நம் தெருவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மாதவையாவை மறந்துவிடவில்லை. உப்பு இலாகா உத்தியோகத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டே 'பத்மாவதி சரித்திரம்' முதலியவற்றை எழுதியவர் அவர். ஆங்கிலத்திலும் நாவல் எழுதினார். பட்டம், பதவி, புகழ் எல்லாம் ஆங்கிலப் படிப்பினால் வந்தவை. அப்படிப்பட்டவர் 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எழுந்து பேசினார். பேசி முடித்த சற்று நேரத்திற்கெல்லாம் அந்த மண்டபத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.