தளைநாரும் கால்பிடியும்: மரம் ஏறுவது கையா, காலா?

பனை ஏறுகிறவரைக் கீழே நின்று பார்த்தால் நம் கண் முதலில் அவர் கைக்குத்தான் போகும். மரத்தைக் கட்டிப் பிடிக்கிறார், உடம்பை மேலே இழுக்கிறார் என்று தோணும். உண்மையில் இழுவை வேலை கையில் ரொம்பக் குறைவு. தூக்குவது கால். கை, உடம்பு பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதே தத்துவத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரவேலை செய்பவர்கள் ஒரு கருவியைக் காலில் கட்டிக்கொள்கிறார்கள். ஃபூட் அசெண்டர் என்று பேர். இந்தக் கட்டுரைக்குள் ‘கால்பிடி’ என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கால்பிடியையும் நம்ம ஊர்த் தளைநாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

நான் மென்பொருள் எழுதுகிறவன். எதையும் எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். பதநீர்ப் பருவத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவணும். ஒருவர் 30 மரம் பார்க்கிறார், ஒரு மரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 × 2 × 15 = 900 மீட்டர். ஒரு நாளைக்கு!

எங்க ஊர் திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படி. வருஷத்தின் நாளுக்கு ஒரு படி என்று சொல்வார்கள். ஒரு படி அரை அடி என்று எடுத்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 55 மீட்டர். அப்படியானால் பனையேறி ஒரு நாளில் ஏறுவது திருத்தணி மலையைப் பதினாறு தடவை ஏறுவதற்குச் சமம். அதுவும் படி இல்லாமல், செங்குத்தாக. இதைக் கையால் இழுத்துச் செய்ய யாராலும் முடியாது. மனித உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கு. ஆகவே மரம் ஏறும் கருவி எதுவானாலும் அது தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் ஒன்றுதான்: பாதத்துக்கு ஒரு படி உண்டாக்குவது.

கயிற்றில் படி உண்டாக்கிய கதை

1931இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி ஒரு முடிச்சை வெளியிட்டார். தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றைச் சில சுற்று சுற்றிப் போடும் முடிச்சு. எடை விழுந்தால் இறுகும், எடையை எடுத்தால் நகரும். இப்படி இரண்டு முடிச்சுப் போட்டு மாற்றி மாற்றி நகர்த்தினால் தொங்கும் கயிறே ஏணி ஆகிவிடும்.

அடுத்தது 1958. சுவிட்சர்லாந்தில் யூசி, மார்ட்டி என்ற இருவர் அந்த முடிச்சின் வேலையைப் பல் வைத்த உலோகத் துண்டு ஒன்றிடம் கொடுத்தார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து ‘ஜுமார்’ என்று பேர் வைத்தார்கள். மலையேறிகள் மத்தியில் இன்றும் அந்தப் பேர் வினைச்சொல்லாகவே புழங்குது.

ஜுமார் கையில் பிடிக்கும் கருவி. பிடிப்பானைக் கையிலிருந்து இறக்கிப் பாதத்திலும் முழங்காலிலும் கட்டிக்கொண்டு, கயிற்றில் ‘நடந்து’ ஏறும் முறையை வளர்த்தவர்கள் அமெரிக்கக் குகை ஆய்வாளர்கள். 1960களின் பிற்பகுதியில் வந்த கிப்ஸ் என்ற பிடிப்பான் அவர்களிடம் பிரபலம். மரவேலைக்காரர்கள் அதுவரை இரண்டு பாதத்துக்கும் நடுவே கயிற்றைச் சுற்றி நெருக்கி, அதன் மேலேயே எழுந்து நின்று ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பிறகு இந்தக் கால்பிடி வந்து சேர்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே உறுதியான கிளையில் கட்டிய கயிறு தொங்கும். பாதத்தின் உட்பக்கம் இருக்கும் பிடிப்பான் வழியாக அது ஓடும். காலைத் தூக்கினால் கயிறு வழுக்கிக்கொண்டு போகும். மிதித்தால் பல் கடித்து நிற்கும். மற்ற காலுக்கு முழங்கால் பக்கம் இன்னொரு பிடிப்பான். இடது, வலது, இடது, வலது என்று மாடிப்படி ஏறுவது போல ஏற வேண்டியதுதான்.

நம்ம பக்கம்

தளைநார் இதைவிட எளிது. பனைநாரில் முறுக்கிய ஒரு வளையம், இரண்டு பாதத்தையும் அதில் நுழைக்கணும். பாதங்கள் மரத்தின் இரு பக்கமும் அணைந்து நிற்க, நடுவில் நார் இழுபட்டு மரத்தில் கடிக்கும். மிதித்தால் பிடிப்பு. கைகள் மரத்தைக் கட்டிக்கொள்ள, கால்களை மடக்கி மேலே இழுத்தால் நார் நகரும். கால்பிடியில் பல் செய்யும் வேலையை இங்கே உராய்வு செய்யுது. யாழ்ப்பாணத்திலும் இதற்குப் பேர் தளைநார்தான்.

கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கால்வளையம் வருகிறது. அந்தச் சமூகம் பின்னாளில் கடுமையாக எதிர்த்த நூல் அது. எதிர்த்ததற்கு நியாயமும் இருக்கு. ஆனாலும் புருசிக் முடிச்சுக்கு எண்பது வருஷம் முன்னாலேயே இந்தக் கருவி முழு வடிவில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

சரி, அந்தக் கால்பிடியையே வாங்கிப் பனைக்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். சிக்கல் கருவியில் இல்லை, மரத்தில். கால்பிடிக்கு மேலிருந்து தொங்கும் கயிறு வேணும். புளி, அரசு, தூங்குமூஞ்சி மாதிரி மரங்களில் தடித்த கிளைக்கவை இருக்கு. கீழிருந்தே கயிற்றை எறிந்து மாட்டலாம். பனையில் கிளை ஏது? மட்டையை நம்பி உயிரைத் தொங்கவிட முடியாது. பனையேறிக்கு மரமேதான் கயிறு.

இதைச் சரியாகப் பிடித்தவர் கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப். அவர் செய்த தென்னை ஏறும் கருவியில் இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் போகும் எஃகு வடம். மிதித்தால் வடம் இறுகும், தூக்கினால் தளரும். கயிற்றுக்குப் பதில் மரத்தையே பிடிக்கும் கால்பிடி என்று சொல்லலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சி இந்த மாதிரிக் கருவியை வைத்துத்தான் நடந்தது. பெண்கள் பலரும் அதில் தென்னை ஏறக் கற்றார்கள்.

பனைக்கு அது அவ்வளவு ஒத்துவரவில்லை. தென்னையில் காய் பறிக்க எப்போதாவது ஒருமுறை ஏறினால் போதும். பனையில் தினம் இரண்டு தடவை. மரத்துக்கு மரம் கருவியைக் கழற்றி மாட்டும் நேரத்தில் தளைநார்க்காரர் இரண்டு மரம் ஏறி இறங்கிவிடுவார். அடிமரத்தின் பருமனும் சொரசொரப்பும் வேறு.

உறுத்திய விஷயம்

கால்பிடி தயாரிக்கும் பெட்சல் நிறுவனத்தின் ‘பான்டின்’ உலகம் முழுக்கப் பிரபலம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு, கயிறு இழுத்தால் கைகால் ஆட்டும் பொம்மை என்று பொருள். அதன் குறிப்பில் தயாரிப்பாளரே தெளிவாகச் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கு: இது உயிர்காக்கும் பாதுகாப்புக் கருவி அல்ல. ஏறுவதற்கு உதவி மட்டும். உயிரைத் தாங்குவது இடுப்புப் பட்டையும், அதோடு இணைந்து கயிற்றைப் பிடிக்கும் தனிக் கருவியும். கால் நழுவினாலும் ஆள் விழக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி.

நம்ம பனையேறியிடம் இருப்பது அந்த ‘உதவி’ மட்டும்தான். தளைநார், மார்பு தேயாமல் இருக்க நெஞ்சுத்தோல், அரிவாள், பெட்டி. கால் நழுவினால் பிடிக்க ஒன்றுமே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஏறும் நுட்பம் முழுமையாக இருந்த இடத்தில் விழாமல் காக்கும் நுட்பம் வளரவே இல்லை.

எங்க ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனாலே தெலுங்கு நாடு. அங்கே கள் இறக்கும் கீத தொழிலாளர்களிடம் தளைநார் மாதிரி கால்வளையத்தோடு ‘மோகு’ என்ற தடித்த கயிறும் உண்டு. முதுகையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றி வரும். அதில் சாய்ந்து நின்றால் இரண்டு கையும் விடுதலை. ஆனால் மோகும் முழுக் காப்பு இல்லை. சாய்மானம் போனால் கயிறும் சேர்ந்து சறுக்கும். அதனால்தான் தெலங்கானா அரசு 2024 ஜூலையில் காட்டமய்ய பெயரில், நவீன பட்டையும் கயிறும் கொண்ட பாதுகாப்புத் தொகுப்பைக் கொடுக்க ஆரம்பித்தது.

அங்கே ஏன் நடந்தது, இங்கே ஏன் நடக்கவில்லை? ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கள் சட்டப்படியான தொழில். கூட்டுறவுச் சங்கம் இருக்கு, உறுப்பினர் பட்டியல் இருக்கு. யாருக்குக் கொடுப்பது என்று அரசுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. தடை சரியா தவறா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் தொழில் சுருங்கியபோது அதன் கருவியைப் பற்றி யோசிக்கும் ஆட்களும் சுருங்கிப் போனார்கள்.

இதில் ஒரு வரலாற்றுச் சுவை உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர, எல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி., பனையேறுவதை மரபுத் தொழிலாகக் கொண்ட கிராமணி சமூகத்தில் பிறந்தவர். அவர் போராடி வாங்கிய எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏரிக்கரையில் நிற்பது ஒரே பனைதான். ஏறும் முறையும் சட்டமும்தான் வேறு.

பனை நம் மாநில மரம். 2021-22இல் பனை மேம்பாட்டு இயக்கம் என்று லட்சக்கணக்கில் விதை கொடுத்தார்கள், நல்ல காரியம். அந்த விதை ஏறும் மரமாக வளரப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதற்குள் ஏறுகிறவருக்கு ஓர் இடுப்புப் பட்டையும், மரத்தைச் சுற்றிப் பூட்டும் ஒரு கயிறும், அதைப் பழக ஒரு வாரப் பயிற்சியும் கொடுக்க முடியாதா? பனைமரத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கு. பதநீருக்கு ஏறுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.

தளைநாரை மாற்றச் சொல்லவில்லை. அதைவிட வேகமான கால்பிடி பனைக்கு இன்னும் வரவில்லை. இடுப்புக்கு மேலே உள்ள பாதியைத்தான் சேர்க்கச் சொல்கிறேன்.