கொத்தடிமை முறை: திருவண்ணாமலை வட்டாரம்

முன்பணமாக வாங்கிய கடனுக்காக ஒருவரோ அவர் குடும்பமோ வேலையிடத்தை விட்டு அகல முடியாமல் உழைப்பதே கொத்தடிமை முறை. திருவண்ணாமலை மாவட்டத்திலும் அதை ஒட்டிய வேலூர், காஞ்சிபுரம் பகுதிகளிலும் இதில் தொடர்ந்து சிக்கி வருபவர்கள் இருளர் பழங்குடியினர்.

பாம்பும் எலியும் பிடித்து, காட்டுப் பொருள் சேகரித்து வாழ்ந்தவர்கள் இவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் முடங்கியது. மரம்வெட்டு, கரிமூட்டம், செங்கல் சூளை, அரிசி ஆலை என்று பலர் கூலிக்குப் போயினர்.

அங்கே ‘அட்வான்ஸ்’ காத்திருந்தது. பிரசவம், வைத்தியம், சாவு என்று ஏதோ ஒரு செலவுக்கு வாங்கிய சில ஆயிரம் ரூபாய். கணக்கு நோட்டு முதலாளியிடம். பிடித்தம் போக மிஞ்சும் கூலி அரிசிக்கே போதாததால் மறுபடியும் கடன். கணவன் வாங்கிய பணத்துக்கு மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உழைப்பார்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அன்று அதிகாரியின் காலில் விழுந்த முதியவர் ஒருவரின் படம் நாட்டையே உலுக்கியது.

சட்டத்துக்குக் குறைவில்லை. கட்டாய உழைப்பைத் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கை 1930இல் உருவானது. இந்தியா 1954இல் அதை ஏற்றது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்கள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கியது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதே. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மீட்புக்குப் பிறகுதான் சிக்கல். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்று இல்லாமல் உதவித்தொகை கிடையாது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம் ரூபாய் வழங்க வகைசெய்தது. ஆனால் முழுத் தொகையை முதலாளி தண்டிக்கப்படுவதோடு இணைத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் கையில் காசில்லாத குடும்பம் மறுபடியும் யாரிடமாவது அட்வான்ஸ் கேட்கும்.

இருளருக்கு மனைப்பட்டாவும் பழங்குடிச் சாதிச் சான்றும் விடுதலைச் சான்று அளவுக்கே அவசியம். வந்தவாசி வட்டம் மீசநல்லூரில் இருளர் குடும்பங்களுக்காக அப்துல் கலாம்புரம் என்ற குடியிருப்பை அரசு அமைத்தது. சூளை ஓரத்துக் குடிசையிலிருந்து சொந்தக் கூரைக்கு வந்த குடும்பத்தை, வேலையை விட்டால் தங்க இடமில்லை என்று மிரட்ட முடியாது.